பெட்டி ஒன்று, பூட்டு மூன்று: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆப்பிரிக்கச் சந்தைகளில் சிறுவணிகம் செய்யும் பெண்களின் சேமிப்பு வழக்கங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: கானாவில் சேமிப்பவரே கூலியும் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சேமித்தால் வட்டி பெறுவதுதானே முறை? அன்றாடங்காய்ச்சிகள் இப்படி ஏமாறுவதை எவரும் தடுக்கவில்லையா?

பதில்: அவர்கள் ஏமாறுவதாக எங்களுக்குத் தோன்றவில்லை. கானாவில் 'சுசு' வசூலிப்பவர் நாள்தோறும் கடைக்கே வந்து, ஒப்புக்கொண்ட தொகையை வாங்கி, அட்டையில் குறித்துவிட்டுப் போவார். மாத முடிவில் ஒரு நாள் தொகையைத் தம் கூலியாகக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். நாளுக்கு 10 சீடி (கானா நாட்டு நாணயம்) வீதம் 30 நாள் கட்டிய தக்காளி வியாபாரிக்கு 290 சீடி கிடைக்கும். கட்டியதில் நூற்றுக்கு மூன்றுக்கும் சற்று மேலாகக் கூலிக்குப் போகிறது. பணம் சராசரியாக அரை மாதமே வசூலிப்பவரிடம் இருந்தது என்பதையும் கணக்கில் கொண்டால் செலவு அதைப்போல் இரு மடங்காகும்.

ஆனால் அந்த வியாபாரி இதை வங்கி வட்டியோடு ஒப்பிடுவதில்லை. தலையணைக்கு அடியில் வைத்த 300 சீடியில் மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பதோடுதான் ஒப்பிடுகிறார். வீட்டில் பணம் இருப்பது தெரிந்தால் கேட்க ஆள் வரும். வரும் உறவினரிடம் இல்லையென்று சொல்லவும் முடியாது. கென்யாவின் மேற்கே புமாலா என்ற சிற்றூரில் பொருளியலாளர்கள் பாஸ்கலின் டுபாஸும் ஜொனாதன் ராபின்சனும் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அங்கே சிறுவணிகர்களுக்குத் திறந்து கொடுத்த கணக்குகளில் வட்டி கிடையாது. பணம் எடுக்கும்போது கட்டணமும் உண்டு. அப்படியிருந்தும் சந்தைப் பெண்களில் கணிசமானோர் அக்கணக்கைப் பயன்படுத்தினார்கள், கூடுதலாகச் சேமித்தார்கள், கடையில் முதலையும் பெருக்கினார்கள். அதே ஊரின் மிதிவண்டி வாடகை ஓட்டுநர்களிடம் அப்படி எந்த மாற்றமும் தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013இல் வெளியான இந்த முடிவை எல்லா ஏழைகளுக்கும் பொதுவாக்கிப் பேசுபவர்கள் ஓட்டுநர்களை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பணத்தைப் பூட்டி வைப்பதுதான் தீர்வு என்றால், ஓர் உண்டியலை வாங்கிக் கொடுத்தால் போதாதா?

பதில்: கேலியாகக் கேட்டிருக்கிறீர்கள் போலும், ஆனால் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். டுபாஸும் ராபின்சனும் கென்யாவில் நடத்திய மற்றோர் ஆய்வில், சிலருக்குப் பூட்டுள்ள இரும்புப் பெட்டியையும் அதன் சாவியையும் கொடுத்து, கொசுவலை போன்ற உடல்நலப் பொருள்களுக்காகச் சேமிக்கச் சொன்னார்கள். பாதுகாப்பான இடம் ஒன்று கிடைத்ததனாலேயே உடல்நலத்துக்கான சேமிப்பு 66 விழுக்காடு உயர்ந்தது. சாவியைத் திட்ட அலுவலரே வைத்துக்கொண்ட பெட்டியால் அத்தகைய பயன் விளையவில்லை. திடீரென ஒருவர் நோயில் விழுந்தால் அந்தப் பணம் கண்ணெதிரே இருந்தும் கைக்கு வராது அல்லவா? அன்றாட ஆசைக்கும் உறவினர் கேட்புக்கும் எட்டாமலும், உயிர் போகிற அவசரத்தில் எட்டும்படியும் பணம் இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் தழைத்த சேமிப்பு முறைகளையும் சாய்ந்துபோன முறைகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே நாங்கள் எடைபோடுகிறோம்.

கேள்வி: கிராமச் சேமிப்புக் குழுக்களின் பெட்டிக்கு மூன்று பூட்டு எதற்கு? மாதம் நூற்றுக்குப் பத்து வரை வட்டி வாங்குகிறார்களாமே, அது கந்துவட்டி இல்லையா?

பதில்: 1991இல் நைஜர் நாட்டின் மராடி வட்டாரத்தில் கேர் தொண்டு நிறுவனம் ஹௌசா மொழி பேசும் பெண்களிடையே தொடங்கிய 'மாத்தா மாசு துபாரா' குழுக்களே இந்த முறையின் வேர். அதற்கு முன்பும் மேற்காப்பிரிக்காவில் 'தோந்தின்', எத்தியோப்பியாவில் 'எக்குப்', கென்யாவில் 'சாமா', தென்னாப்பிரிக்காவில் 'ஸ்டாக்வெல்' எனச் சீட்டுக் குழுக்கள் வழங்கி வந்தன. ஆனால் முறை வந்தவருக்கு மொத்தத்தையும் கொடுக்கும் எளிய சீட்டில், உங்கள் முறை ஒன்பதாம் மாதத்தில் இருக்க, குழந்தைக்கு நான்காம் மாதத்தில் காய்ச்சல் வந்தால் பயனில்லை. மராடி முறை அந்தக் குறையைத் தீர்த்தது: சேர்ந்த பணம் பெட்டியிலேயே இருக்கும்; தேவைப்படுபவர் கடனாகப் பெறுவார்; ஓராண்டு அளவில் சுற்று முடிந்ததும் அனைத்தையும் பங்கிட்டுக்கொண்டு மறுபடி தொடங்குவார்கள். முதற்குழுக்களில் எழுத்தறிவு பெற்றவர் மிகக் குறைவு என்பதால் கணக்கு நினைவிலேயே நின்றது. கூட்டத்தில் சேமிப்பாக வாங்கும் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு முத்திரை குத்தும் சிறு கணக்கேடு பின்னால் வந்து சேர்ந்தது.

மூன்று பூட்டின் மூன்று சாவிகளும் மூன்று உறுப்பினர்களிடம் இருக்கும். பெட்டியோ நான்காமவர் வீட்டில். ஆகவே அனைவரும் கூடியிருக்கும்போதுதான் அது திறக்கும். எண்ணுவதும் கொடுப்பதும் எல்லார் கண் முன்னும் நடக்கும். பெரிய குழுவாக இருந்தால் இது சாத்தியமில்லை. அதனால்தான் பதினைந்திலிருந்து முப்பது பேருக்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். கடனும் பெரும்பாலும் சேமிப்பின் மூன்று மடங்கைத் தாண்டாது. நோய்க்கும் சாவுக்கும் தனியே ஒரு சிறு நிதி உண்டு.

வட்டியைப் பற்றி: மாதம் ஐந்து முதல் பத்து விழுக்காடு என்பது உயர்ந்த விகிதமே. எனினும் கந்துவட்டி ஒரு வெளியாளின் பைக்குப் போகிறது; இந்த வட்டி பெட்டிக்குத் திரும்பி, ஆண்டு முடிவில் பங்குக்கு ஏற்பக் கடன் வாங்கியவருக்கும் வந்து சேர்கிறது. நெருடலும் ஒன்று உண்டு. அடிக்கடி கடன் வாங்கும் ஏழை உறுப்பினர், கடனே வாங்காமல் அதிகப் பங்கு வாங்கும் வசதியானவருக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறார். ஒருவர் ஒரு கூட்டத்தில் ஐந்து பங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதி இந்த இடைவெளியைக் குறைக்கிறதே ஒழிய, அடைத்துவிடுவதில்லை.

கேள்வி: கைப்பேசியிலேயே எம்-பெசா இருக்கும்போது இந்தப் பெட்டியெல்லாம் பழைய காலத்து வழக்கம்தானே?

பதில்: கைப்பேசி வழியே பணம் அனுப்பும் சேவையான எம்-பெசா கென்யாவில் 2007 மார்ச்சில் தொடங்கப்பட்டது, 'பெசா' என்றால் சுவாஹிலி மொழியில் பணம். அதன் பெரும்பயன் பணத்தைச் சேர்த்து வைப்பதில் இருந்ததைவிட, நகரத்து மகன் ஊரிலுள்ள தாய்க்கு அனுப்புவதில்தான் இருந்தது. பொருளியலாளர்கள் வில்லியம் ஜாக், தவ்னீத் சூரி ஆகியோரின் ஆய்வு ஒன்றின்படி, நோயோ பயிர்ச்சேதமோ வந்த காலத்தில் எம்-பெசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு 7 விழுக்காடு சரிந்தது; எம்-பெசா உள்ள குடும்பங்களில் சரிவு தென்படவில்லை. அது நாட்டின் குடும்பங்களில் 2 விழுக்காட்டை வறுமையிலிருந்து மீட்டது என்று அவர்களே 2016இல் மதிப்பிட்டார்கள்.

அதன் மேல் ஏறி வந்த உடனடிக் கடனைப் பற்றித்தான் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. 2012இல் வந்த எம்-ஷ்வாரி, சேமிப்புக் கணக்கோடு 30 நாள் கடனையும் கொடுத்து, அதற்கு 7.5 விழுக்காடு கட்டணம் வாங்கியது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது 90 விழுக்காடு. குழுப் பெட்டியின் வட்டியைவிட இது அதிகமில்லை என்று வாதிடலாம். ஆனால் இங்கே வட்டி பங்கிடப்படுவதில்லை, நள்ளிரவிலும் கடன் கிடைக்கிறது, வேண்டாமென்று சொல்லச் சக உறுப்பினர் எவரும் இல்லை. அடுத்து வந்த செயலிகளில் சில, தவணை தவறியவரின் கைப்பேசியிலுள்ள எண்களையெல்லாம் அழைத்து அவமானப்படுத்தத் தொடங்கின. கென்ய மைய வங்கி 2022இல் விதிகள் கொண்டுவந்து, எண்ணிமக் கடன் தருபவர்கள் உரிமம் பெற்றாக வேண்டும், கடனாளியின் தொடர்புகளைத் தொல்லை செய்யக் கூடாது என்று கட்டளையிட்டது.

கேள்வி: ஊருக்கே வறட்சி வந்தால் குழுப் பெட்டி என்ன செய்யும்?

பதில்: ஒன்றும் செய்யாது. எல்லாரும் ஒரே வாரத்தில் கடன் கேட்டால் பெட்டி காலியாகும். அதற்கு ஊருக்கு வெளியிலிருந்து பணம் வர வேண்டும். வடகென்யாவின் மர்சபிட்டில் 2010இல் தொடங்கிய கால்நடைக் காப்பீடு அவ்வகையானது. மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோள் அளக்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், எவர் மாடு செத்தது என்று பார்க்காமலே இழப்பீடு கொடுப்பார்கள். மறுபுறம், வட்டாரம் பசுமையாக இருந்து உங்கள் மாடு மட்டும் செத்தால் ஒன்றும் கிடைக்காது. இதை விற்பவர்கள் முதலிலேயே விளக்கிச் சொல்லாவிட்டால், அடுத்த ஆண்டு எவரும் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஆப்பிரிக்கப் பெண்கள் குழு ஒன்றின் பெட்டியில் போடும்படி ஒரு தொகையை அனுப்ப விரும்புகிறோம். எப்படி அனுப்புவது?

பதில்: பெட்டிக்குள் போட வேண்டாம். வெளிப்பணம் இல்லாமல் தம் சேமிப்பையே கடனாகக் கொடுப்பதுதான் இம்முறையின் முதல் விதி. பக்கத்து வீட்டுக்காரியின் பணம் என்றால் திருப்பிக் கட்டத் தோன்றும். முகம் தெரியாத நன்கொடையாளரின் பணம் என்றால் அது பரிசாகிவிடும், பிறகு பெட்டியில் எஞ்சியதும் அவ்வழியே போகும். உதவ வேண்டுமென்றால் பெட்டி, பூட்டுகள், கணக்கேடுகள், முத்திரை ஆகியவற்றை வாங்கவும், முதல் சுற்று முடியும்வரை குழுவைப் பழக்கும் பயிற்சியாளரின் சம்பளத்துக்கும் கொடுங்கள்.