என்எச்ஐ வந்தா நம்ம ஆஸ்பத்திரி என்ன ஆகும்? உங்க கேள்விங்களுக்கு பதில் (என்எச்ஐன்னா தென்னாப்பிரிக்காவோட தேசிய ஹெல்த் இன்ஷூரன்ஸ் சட்டம், இதுல அரசாங்க ஃபண்டு ஒண்ணு சிகிச்சைக்கு காசு குடுக்கும்)

ப்ரெசிடென்ட் கையெழுத்து போட்டாச்சே, மெடிக்கல் எய்ட (தனியார் மருத்துவ காப்பீடு) நிறுத்திடலாமா? மாசாமாசம் கட்டி முடியல. (ஃபீனிக்ஸ்)

ஐயோ வேணாம்க்கா. ராமபோசா 2024 மே 15ல கையெழுத்து போட்டாரு, சரி, ஆனா சட்டம் அமலுக்கு வர்றது வேற கதை, அதுக்கு எதிரா கேஸும் போட்டிருக்காங்க. என்எச்ஐ முழுசா நடைமுறைக்கு வந்துடுச்சுன்னு மினிஸ்டர் கெசட்ல சொன்ன பிறகுதான் மெடிக்கல் எய்ட் மேல கட்டுப்பாடு வரும். இப்ப நிறுத்திட்டு அப்புறம் சேரப் போனீங்கன்னா 3 மாசம் வெயிட்டிங், ஏற்கனவே இருக்குற வியாதிக்கு 12 மாசம் வரைக்கும், 35 வயசு தாண்டியிருந்தா பிரீமியத்துல அபராதம் வேற ஏத்தலாம்.

எங்க ஊரு அரசாங்க ஆஸ்பத்திரி ஆர்கே கானுக்கு இது நல்லதா கெட்டதா? (சாட்ஸ்வொர்த்)

இதுதான் கேக்க வேண்டிய கேள்வி. இப்ப மாகாணம் வருஷத்துக்கு இவ்ளோன்னு பட்ஜெட் குடுக்குது, எத்தன பேஷன்ட் வந்தாலும் அதே காசுதான், தீர்ந்துச்சுன்னா காலி போஸ்ட் அப்படியே கெடக்கும், நர்ஸுங்க பாவம் டபுள் வேல பாப்பாங்க. புது சட்டப்படி ஆஸ்பத்திரிய நடத்துறவங்க வேற, காசு குடுக்குற ஃபண்டு வேற. என்ன நோய்க்கு எத்தன பேரப் பாத்தாங்களோ அத வச்சு பணம். கூட்டம் ஜாஸ்தி வர்ற ஆஸ்பத்திரிக்கு இது லாபம்தான், பேப்பர்ல! ஏன் அப்படி சொல்றேன்னா, ஃபண்டோட கான்ட்ராக்ட் வேணும்னா ஆஸ்பத்திரி தரத்த பாக்குற அரசு அமைப்பான ஓஎச்எஸ்சியோட இன்ஸ்பெக்ஷன்ல பாஸாகி சர்டிஃபிகேட் வாங்கியிருக்கணும். கட்டடம் பழசு, லிஃப்ட் ரிப்பேர், ஆள் பத்தலன்னு நிக்கிற ஆஸ்பத்திரிக்கு மொதல்ல அதெல்லாம் சரி பண்ண காசு வேணும், அந்த காசு எங்கேர்ந்து வரும்னு கேட்டா யாரும் நேரா பதில் சொல்றதில்ல. எனக்கு பயமே இதுலதான். டர்பன்ல இருக்குற ஆல்பர்ட் லுத்துலி மாதிரி சென்ட்ரல் ஆஸ்பத்திரிங்க மாகாணத்து கைய விட்டு தேசிய அரசுகிட்ட போகும், ஆள் எடுக்குறது சாமான் வாங்குறதுல்லாம் அந்த ஆஸ்பத்திரிங்களே பாத்துக்கலாம்.

கிளினிக் போகாம நேரா ஆஸ்பத்திரி போலாமா? (டோங்காட்)

எமர்ஜென்சின்னா போங்க. மத்ததுக்கு மொதல்ல கிளினிக்கோ ஜிபியோ (குடும்ப டாக்டர்), அப்புறம் ரெஃபரல் லெட்டர். இல்லன்னா ஃபண்டு காசு குடுக்காது.

அப்பாக்கு கிட்னி போயிடுச்சு. டயாலிசிஸ் எல்லாருக்கும் ஃப்ரீயா கெடைக்குமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அப்படி சொல்ல முடியாது தம்பி. எந்தெந்த சிகிச்சை உள்ள வரும்னு ஒரு கமிட்டி முடிவு பண்ணும். 1997ல நம்ம டர்பன்காரர் சூப்ரமனி கேஸ் ஞாபகம் இருக்கா? அடிங்டன் ஆஸ்பத்திரில டயாலிசிஸ் மெஷின் பத்தாதுன்னு அவர சேத்துக்கல, அரசியல் சாசன கோர்ட்டு வரைக்கும் போனாரு, இது எமர்ஜென்சி இல்ல, இருக்குற வசதிக்குள்ளதான் குடுக்க முடியும்னு தீர்ப்பாச்சு. ஃபண்டு வந்தாலும் மெஷினும் அத ஓட்டத் தெரிஞ்ச நர்ஸும் தானா மொளைக்காது. அதனால அப்பாவ இப்பவே கிட்னி பாக்குற ரீனல் கிளினிக்ல காட்டி பேர பதிஞ்சு வைங்க, சட்டத்துக்காக காத்திருக்காதீங்க.

வொர்க் விசால இருக்கேன், எனக்கும் உண்டா? (உம்லாங்கா)

குடிமக்கள், பெர்மனன்ட் ரெசிடென்ட், அகதிங்க, ஜெயில் கைதிங்க இவங்களுக்குத்தான் நேரடி உரிமை. விசாக்காரங்கள்ல யாரச் சேக்கலாம்னு அரசாங்கம் தனியா முடிவு பண்ணும், அதுவரைக்கும் இன்ஷூரன்ஸ விடாதீங்க. குழந்தைங்களுக்கு பேசிக் ட்ரீட்மென்ட் உண்டு, என்ன பேப்பர் வச்சிருந்தாலும்.