குறுக்கு வலி – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் மலையகத்தில் உள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் வருட மாணவி. எங்கள் அணியின் பயிற்சி முடியப்போகிறது. பிரியாவிடைக்கு மலர் ஒன்று வெளியிடுகிறோம். அதில் '2045இல் நாங்கள்' என்று ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் வேடிக்கையாக ஆரூடம் எழுதியிருக்கிறோம். விரிவுரையில் தூங்கி விழும் தோழி, தூக்கம் வராத நோயாளிகளுக்கான வார்டுக்குப் பொறுப்பாளர் ஆவாள். அவளைப் பார்த்தாலே நோயாளிகள் தூங்கிவிடுவார்கள். ஊசி ஏற்ற நாளம் தேடித் தடுமாறுகிறவள் தேடி முடிப்பதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார். அணியில் இருக்கும் ஒரே ஆண் இலண்டனுக்குப் போய், நாங்கள் அழைத்தால் தொலைபேசியை எடுக்க மாட்டார். இப்படி எல்லோருக்கும் எழுதினோம். ஒரு தோழிக்கு, "பிறந்த தோட்டத்து டிஸ்பென்சரிக்கே திரும்பிப் போவாள், காய்ச்சலுக்கும் பெனடோல், காதலுக்கும் பெனடோல், குளவிக் கொட்டுக்கும் பெனடோல்" என்று எழுதினோம். வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிரவு விடுதியில் அவள் சாப்பிடவில்லை. நானும் தோட்டத்துப் பிள்ளைதான் ஐயா. அந்த வரியை எழுதியதும் நான்தான். இந்தப் பக்கத்தை நீக்கிவிடலாமா? நீக்க வேண்டாமென்றால் அதற்கு நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்கள். மலருக்கு உங்கள் வாழ்த்துரையும் வேண்டும். படித்து முடித்ததும் வெளிநாடு போவது சரியா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கிறது; அதைப் பற்றியும் எழுதுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

பக்கத்தை நீக்க வேண்டாம். தலைப்பும் இப்போது இருப்பதே போதும். வெளிநாடு போவது அவரவர் வீட்டுக் கடனையும் தம்பி தங்கைகளின் படிப்பையும் பொறுத்தது. அதில் நான் கருத்துச் சொல்வது முறையாகாது.

உங்கள் கடிதத்தை நான் வாசித்தது, அம்மாவை மாதாந்தக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பிய ஒரு பிற்பகலில். அன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் தோட்டத்து அம்மா ஒருவர் நின்றார். "குறுக்கு வலிக்குது, நீர்க்கடுப்பு வேற" என்று சொன்னார். இளம் வைத்தியர், மிகவும் பொறுமையான பெண், சிங்களம் பேசுபவர். பக்கத்தில் நின்ற தாதியைப் பார்த்தார். அந்தத் தாதி தமிழர்தான், ஆனால் வடக்கைச் சேர்ந்தவர். அவருடைய ஊரில் இடுப்பின் பின்பக்கத்துக்கு நாரி என்று பெயர், 'நாரி நோகுது' என்றால் அவருக்கு உடனே விளங்கியிருக்கும். குறுக்கு என்ற சொல்லில் அவர் தயங்கி நின்றபோது, வரிசையிலிருந்து யாரோ "கொந்த, கொந்த" என்று சிங்களத்தில் உதவி செய்தார்கள். முதுகு என்ற அளவில் விஷயம் முடிந்தது. வலிக்கு மாத்திரையும் பூசுவதற்கு மருந்தும் எழுதப்பட்டன. நீர்க்கடுப்பு வரிசையிலேயே விழுந்துவிட்டது. குறுக்கு வலி மட்டும் என்றால் அது கூடை சுமந்த முதுகின் வலியாக இருக்கலாம். நீர்க்கடுப்போடு சேர்ந்து வந்தால் சிறுநீரகத்தில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது மூன்று வருடம் படித்த உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய பாடமல்ல. நான் முன்னால் போய்த் தாதியிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், சிறுநீர் பரிசோதனைக்கு ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்தார்.

இதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் கண்ணில்தான் உங்கள் 'பெனடோல்' வரி பட்டது.

மகளே, அந்த ஒரு வரிக்காக உங்களைக் கண்டிக்காமல் விட முடியாது. கேலி நமக்குப் புதியதல்ல. கலியாண வீட்டு மச்சான்மாரின் வாயையும் காமன் கூத்தின் லாவணியையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நீங்கள் எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மற்ற எல்லோரையும் அவரவர் பழக்கத்தை வைத்துக் கேலி செய்திருக்கிறீர்கள். ஒருத்திக்குத் தூக்கம், இன்னொருத்திக்குக் கைத்தடுமாற்றம். இவளை மட்டும் அவள் பிறந்த இடத்தை வைத்துக் கேலி செய்திருக்கிறீர்கள். தூக்கத்தை விட்டுவிடலாம், கை பழகப் பழகத் தேறிவிடும்; பிறந்த லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டை, அவள் எங்கே கொண்டுபோய் விடுவாள்? அதிலும், இலண்டனுக்குப் போகிறவர் உயர்ந்துவிட்டார், தோட்டத்துக்குத் திரும்புகிறவள் தோற்றுவிட்டாள் என்ற கணக்கு அந்தப் பக்கத்தில் எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதிய கை ஒரு தோட்டத்துப் பிள்ளையின் கை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

என் அம்மாவின் கதையை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

1984இல் எனக்குப் பதினொரு வயது. லீவு நாட்களில் பஸார் கடையொன்றில் எடுபிடியாக நின்றதால் எனக்குச் சிங்களம் பேச வந்தது. எங்கள் லயத்தில் அது வேறு யாருக்கும் வராது. அந்த வருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மலை ஏறினால் மூச்சு வாங்கியது, கண்ணைக் கட்டியது. கொழுந்து குறைந்து அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழத் தொடங்கியது. முதலில் குறி சொல்லும் கோடாங்கியைத்தான் அழைத்தார்கள். அவர் உடுக்கை எடுப்பதற்கு முன்னால் வெகுநேரம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வலி ஏற்றத்தில் வருகிறதா இறக்கத்தில் வருகிறதா, குறுக்கில் தொடங்கி அடிவயிற்றுக்கு வருகிறதா, அடிவயிற்றில் தொடங்கிக் குறுக்குக்குப் போகிறதா என்று அவர் கேட்டார். அம்மா தயங்காமல் பதில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்ன குறியும் கட்டிய கயிறும் எதற்கும் உதவவில்லை. இரண்டு மாதம் வீணானது. அந்த இரண்டு மாதத்துக்காக நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனாலும் அவ்வளவு நேரம் அம்மாவின் சொல்லிலேயே அம்மாவிடம் பேசிய மனிதர் அந்த வருடத்தில் அவர் ஒருவர்தான். நம் சனங்கள் ஆஸ்பத்திரிக்கு முன்னால் கோடாங்கியிடம் போனதை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களிடம் எனக்குள்ள வழக்கு இதுதான்.

பிறகு தோட்டத்தில் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. வைத்தியர் "மொகத அமாருவ?" என்று, என்ன வருத்தம் என்று, சிங்களத்தில் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "வயித்து வலின்னு சொல்லு" என்றார். நான் "பட ரிதெனவா" என்றேன். வீட்டிலிருந்து கொண்டுபோன போத்தலில் வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். இப்படி மூன்று முறை போனோம், மூன்று முறையும் வெள்ளை மருந்தோடு திரும்பினோம். நான்காம் முறை அம்மா வரிசையிலேயே சரிந்து விழுந்தார்.

வார்டில் கிழக்கு மாகாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த, கொஞ்சம் வயதான தாதி ஒருவர் இருந்தார். அவர் அம்மாவின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "தம்பி, வெளியில போய் நில்லுங்க" என்றார். கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டது. நான் வராந்தாவில் நின்றேன். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அந்தத் தாதிக்கும் முதலில் குறுக்கு என்ற சொல் விளங்கவில்லை, "எங்க வலிக்குது, என்ட கையப் பிடிச்சு அந்த இடத்துல வைங்க" என்று கேட்டிருக்கிறார். அம்மா அவர் கையைப் பிடித்துக் குறுக்கில் வைத்தார். அதன் பிறகு, மகனிடம் சொல்ல முடியாமல் நான்கு மாதமாகப் பொத்தி வைத்திருந்ததை, தூரமானால், அதாவது மாதவிலக்கு வந்தால், இருபது நாளாகியும் நிற்பதில்லை என்பதை, அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். கருப்பையில் கட்டி. இரத்தத்தில் 12க்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 5 இருந்தது. இரத்தம் ஏற்றினார்கள், பிறகு சத்திரசிகிச்சை செய்தார்கள். அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது.

அந்த வெள்ளை மருந்துக்கு வைத்தியரை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு பெண் தன் உதிரப்போக்கைத் தன் மகனின் வாயால் சொல்ல வேண்டியிருந்த ஏற்பாடுதான் குற்றவாளி. அந்த ஏற்பாடு தானாக வந்ததல்ல. தோட்டங்களின் மருத்துவத்துக்கென்று 1912இலேயே வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தது, மருந்தும் ஓரளவு இருந்தது, நம் பிள்ளைகள் மட்டும் வார்டில் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைத் தலை எண்ணி இரண்டு நாடுகளுக்கும் பங்கிட்டது. பிரஜையல்லாத வீட்டுப் பிள்ளை அரசாங்கத் தாதி ஆவது எப்படி? 1988இலும் 2003இலும் வந்த பிரஜாவுரிமைச் சட்டங்களுக்குப் பிறகுதான் மீதியிருந்தவர்களின் வழக்கு முடிந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்று எழுதியது. என் அம்மா விழுந்ததற்கு மூன்று வருடம் கழித்து.

ஆகவே மகளே, நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை வெகுகாலம் மற்றவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி சொன்னார், 'இதுவும் நாளைக்குக் கூடை தூக்கும்' என்று. உங்கள் தோழி அந்த ஆரூடத்தைப் பொய்யாக்கிக்கொண்டு வந்தவள். விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலையைத் தேடி எங்கெங்கோ பஸ் ஏறி, உயர்தரம் எழுதி, வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பித்து, நேர்முகத்தில் தேறி, மூன்று வருடம் இரவுப் பணியும் செய்து முடித்தவளுக்கு, நீங்கள் அதே கங்காணியின் குரலில் ஆரூடம் எழுதியிருக்கிறீர்கள். வேடிக்கையாகத்தான் எழுதினீர்கள் என்பதை நம்புகிறேன். அவள் சாப்பிடாமல் படுத்ததை நீங்கள் கவனித்தீர்கள் என்பதால், நீங்கள் நல்ல தாதி ஆவீர்கள் என்றும் நம்புகிறேன்.

டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த நாள் 2017 மே 12. அது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள், உலகத் தாதியர் தினம். அன்று கட்டில்களைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். கட்டிடத்தை வெளியிலிருந்து உதவி பெற்றுக் கட்டிவிடலாம். அந்தக் கட்டிலில் படுத்திருக்கும் அம்மா 'நெஞ்சைக் கரிக்குது' என்பதற்கும் 'நெஞ்சை அடைக்குது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டவுடன் பிடித்து, ஒன்றுக்கு நிதானமாகவும் மற்றதற்கு ஓடிப்போயும் வைத்தியரை அழைக்கத் தெரிந்தவர் இந்த மலைகளிலிருந்துதான் வர வேண்டும். நைட்டிங்கேல் அம்மையாரே 1859இல் எழுதிய குறிப்புகளில் இதைத்தான் வலியுறுத்துகிறார்: நோயாளி நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பதில் பயனில்லை, எத்தனை மணிநேரம் தூங்கினார், இரவின் எந்த நேரத்தில் தூங்கினார் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்க வேண்டுமானால் பதிலின் மொழி காதில் ஏற வேண்டும். உங்கள் தோழிக்கு அது பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. நீங்கள் கேலி செய்தது அந்தச் செல்வத்தை.

உங்களுக்கும் அது கிடைத்திருக்கிறது. விடுதியில் மூன்று வருடம் இருந்ததில் 'குறுக்கு' என்று சொல்வதை நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் கொழும்பில் வேலைக்குப் போன காலத்தில் நிறுத்தியிருந்தேன், அதற்காக இன்று வருந்துகிறேன்.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். முதலில் அவளிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். கடிதம் எழுதியல்ல, நேரில், சாப்பாட்டுத் தட்டோடு. அந்த வரியை எடுத்துவிட்டு, அவளுடைய உண்மையான பழக்கம் ஒன்றைப் பிடித்து வேறு வரி எழுதுங்கள்; அவளும் மற்றவர்களைப் போல மனம்விட்டுச் சிரிக்கட்டும். டிஸ்பென்சரிக்குப் போவதா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேலே படிப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

வாழ்த்துரை எழுதி எனக்குப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாக மலரில் இரண்டு பக்கம் எனக்கு ஒதுக்குங்கள். நம் சனங்கள் நோயைச் சொல்லும் சொற்களை அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நேரே சிங்களத்திலும் மருத்துவப் பெயரிலும் எழுதும் வேலையை உங்கள் தோழியும் நீங்களும் சேர்ந்து செய்ய வேண்டும். நேற்று வரை நாற்பது சொற்கள் ஆகியிருக்கின்றன. இன்று காலை அம்மா இரண்டு சொன்னார். ஒன்று, 'சூட்டு வலி': பிள்ளைப்பேற்று வலி போலவே வந்து, பிள்ளை பிறக்காமல் அடங்கிப்போவது. மற்றது, 'நெறி கட்டுறது': தொடை இடுக்கில் கட்டிபோல வீங்குவது. "அப்படின்னு யாராச்சும் வந்து சொன்னா அந்த எடத்தப் பாக்கக் கூடாது, காலப் பாக்கணும், அட்டை கடிச்சோ கல்லு கிழிச்சோ எங்கயாச்சும் புண்ணு இருக்கும்" என்றார்.

மலர் அச்சுக்குப் போகும் திகதியை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.