ஹைப்பர்டூஃபா பூந்தொட்டியை முதல்முறையாகச் செய்பவர் எதில் கவனம் வைக்க வேண்டும்?

டூஃபா கல்லைப்போலத் தோன்றும் சிமெண்ட் கலவையான ஹைப்பர்டூஃபாவில் தொட்டி செய்ய, சிமெண்டும் கோகோ பீட் என்னும் தென்னை நார்த் தூளும் பெர்லைட் என்னும் எடை குறைந்த துகள்களும் வாங்கி வைத்துவிட்டதாகவும், கலவை விகிதம் தெரிந்தால் இந்த வாரமே முதல் தொட்டியை வார்த்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். விகிதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு கோகோ பீட், ஒன்றரைப் பங்கு பெர்லைட். எடை பார்க்க வேண்டியதில்லை. ஒரே பாத்திரத்தால் மூன்றையும் அளந்தால் போதும். ஆனால் நான் செய்த முதல் தொட்டி வீணானது விகிதம் தவறியதால் அன்று. கலவையில் தண்ணீர் கூடியது, அச்சை நேரத்துக்கு முன்பே பிரித்தேன், இந்த இரண்டும்தான் அதைக் கெடுத்தன. ஆகவே அவற்றைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

டூஃபா என்பது ஊற்றுநீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு படிந்து படிந்து உருவாகும், துளைகள் நிறைந்த ஒரு கல். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டாகும் டஃப் என்னும் பாறை வேறு. பெயர் ஒலிப்பு நெருக்கமாக இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் மலைச்செடிகளை விரும்பி வளர்த்தவர்கள், கால்நடைகளுக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்ட பழைய கல்தொட்டிகளில் அவற்றை நட்டு வந்தார்கள். அந்தத் தொட்டிகள் கிடைப்பது அரிதானபோது, அதே தோற்றத்தைச் சிமெண்டில் கொண்டுவர முயன்றதில் வளர்ந்ததே இந்தக் கைவேலை.

கலவையில் சிமெண்டின் வேலை பிணைப்பது. கோகோ பீட் சுவருக்குள் நுண்ணிய இடைவெளிகளை உண்டாக்கிக் கல்லின் சொரசொரப்பைத் தருகிறது. எரிமலைக் கண்ணாடியைக் கடும் வெப்பத்தில் பொரியவைத்துத் தயாரிக்கும் பெர்லைட் எடையைக் குறைக்கிறது. பெர்லைட்டுக்குப் பதில் மணல் சேர்த்தால் தொட்டி உறுதியாகவே வரும், ஆனால் மண் நிரப்பிய பிறகு தூக்குவது பெரும்பாடு. ஜல்லி கலந்த தயார்நிலைக் கான்கிரீட் கலவையை இதற்கு வாங்கவே வேண்டாம். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் போதும். பழைய குறிப்புகளில் கோகோ பீட் இருக்கும் இடத்தில் பீட் பாசியைத்தான் சொல்லியிருப்பார்கள். அது சதுப்பு நிலங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே படிந்து உருவாகும் பொருள் என்பதால், தென்னை நாரிலிருந்து கிடைக்கும் கோகோ பீட்டையே நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து, கட்டிகளை உதிர்த்து, பெரிய கண் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே முகக்கவசமும் ரப்பர் கையுறையும் அணிந்துவிடுங்கள். சிமெண்ட் தூளும் பெர்லைட் தூளும் நுரையீரலுக்குக் கேடு. ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது. அது தோலைப் புண்ணாக்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில் வலியாகத் தெரியாது, சில மணி நேரம் கழித்தே தெரியும். துணிக் கையுறை ஈரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிவைத்திருக்கும் என்பதால் அது வெறுங்கையைவிடத் தீங்கானது.

இனி தண்ணீர். மூன்று பொருள்களையும் முதலில் தண்ணீர் சேர்க்காமலேயே, எங்கும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் வரை புரட்ட வேண்டும். அதன் பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து புரட்டிப் பிசைய வேண்டும். கோகோ பீட் தண்ணீரை மெல்ல உறிஞ்சுவதால், தொடக்கத்தில் கலவை வறண்டிருப்பதுபோல் தோன்றி, இன்னும் ஊற்றத் தூண்டும். அந்த இடத்தில்தான் நான் தவறினேன். ஒரு குவளையை அப்படியே கவிழ்த்தேன், ஐந்து நிமிடத்தில் கலவை சேறாகிவிட்டது. அச்சின் பக்கங்களில் அப்பிய சுவர் என் கண்முன்னே மெல்ல வழிந்து அடியில் குவிந்தது. மேல் விளிம்பு விரல் கனம்கூட இல்லாமல் நின்றது. சரியான பதத்தை இப்படிப் பாருங்கள்: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் இரண்டொரு துளிக்கு மேல் தண்ணீர் கசியக்கூடாது, கையைத் திறந்தால் உருண்டை விரியவோ உதிரவோ கூடாது. பதம் வந்ததாகத் தோன்றியதும் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மீண்டும் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கூடினால் வழிவது மட்டும் குறையன்று. மிகுதியான தண்ணீர் ஆவியான இடமெல்லாம் வெற்றிடமாகிச் சுவர் வலுவிழந்துபோகும்.

அச்சுக்கு ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு அட்டைப் பெட்டிகளோ பிளாஸ்டிக் தொட்டிகளோ போதும். பிளாஸ்டிக் என்றால் எண்ணெய் தடவுங்கள், அட்டை என்றால் பாலித்தீன் தாளை விரித்துவிடுங்கள். அடியில் இரண்டு அங்குலம் கலவையை அழுத்தி நிரப்பி, வடிகால் துளைக்காக எண்ணெய் தடவிய குச்சிகளைச் செங்குத்தாக நட்டு, உள்பெட்டியை வைத்து, அது உள்நோக்கி வளையாதபடி அதற்குள் மணலை நிரப்பிவிட்டுப் பக்கச் சுவர்களைக் கட்டுங்கள். முதல் தொட்டி ஓரடி நீளத்துக்கு மேல் வேண்டாம். அந்த அளவுக்குச் சுவர் ஒன்றரை அங்குலக் கனம் இருந்தால் நன்று. மூலைகளைக் குச்சியால் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும், ஏனெனில் காற்றுக்குமிழி தங்குவதும் பின்னாளில் விரிசல் விடுவதும் அங்கேதான்.

வார்த்து முடித்ததும் முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடி நிழலில் வையுங்கள். ஒரு நாள் கழித்து, விளிம்பில் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் எளிதாக இறங்கினால் மீண்டும் மூடிவிடுங்கள். மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் அச்சைப் பிரிக்கலாம். கோகோ பீட் கலவை இறுகுவதற்கு வெறும் சிமெண்டுச் சாந்தைவிட நேரம் எடுக்கும் என்பதால், இரண்டு நாள் ஆவது இயல்பே. நான் இருபது மணி நேரத்தில் ஆவலோடு பிரித்தேன். ஒரு மூலை அச்சோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. பிரித்த அன்றே கம்பித் தூரிகையால் விளிம்புகளைத் தேய்த்து வட்டமாக்கிவிடுங்கள். கல் தோற்றம் வருவது இந்தத் தேய்ப்பில்தான், ஒரு வாரம் கடந்தால் தூரிகைக்கு அது இணங்காது.

அதன் பிறகு பலர் தொட்டியை வெயிலில் காயவைக்கிறார்கள், இது தவறு. சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிவினை புரிந்தே இறுகுகிறது. கட்டட வேலையில் கான்கிரீட்டின் வலுவை 28 நாள் கணக்கில் சோதிப்பதும் அந்த வினை மெதுவாக நடப்பதால்தான். ஆகவே தொட்டிக்கும் க்யூரிங் வேண்டும்: ஈரச் சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ சுற்றி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து, மூன்று நான்கு வாரம் நிழலிலேயே இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் உடனே நடக்கூடாது. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு சுவரில் தங்கியிருக்கும். அது நீரில் கரைந்து மண்ணைக் காரமாக்கினால், வேருக்கு இரும்புச்சத்து எட்டாமல் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளித்துப்போகும். என் இரண்டாவது தொட்டியில் நட்ட செடி அப்படித்தான் வாடியது. குறை செடியில் இருப்பதாக நினைத்துப் பல நாள் உரம் வைத்துக்கொண்டிருந்தேன். துளைகளை அடைத்துவிட்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். இரண்டு வாரத்துக்குப் பின், ஒரு நாள் முழுதும் தேங்கிய தண்ணீரில், காரத்தன்மையின் அளவைக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். முதலில் 11, 12 என்று காட்டுவது 8-க்கு அருகில் இறங்கினால் நடலாம். வினிகர் ஊற்றினால் விரைவில் முடியும் என்பார்கள். அமிலம் சிமெண்டையே அரிப்பதால் நான் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறேன். கொட்டும் தண்ணீரை மட்டும் மற்றச் செடிகளின் மேல் ஊற்றிவிடாதீர்கள்.

முதல் நடவுக்குச் செடம், எச்செவேரியா போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் பொருத்தமானவை. இவற்றுக்கு வேர் ஆழம் குறைவு, சுவர் வழியே ஈரம் வெளியேறுவதையும் தாங்கும். அசேலியா போல அமில மண் கேட்கும் செடிகளை இந்தத் தொட்டியில் வைக்க வேண்டாம்.