செடி வளரும் மீன் தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மன்னார்குடி வாசகர்): இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி வாங்கி, மணல் பரப்பிச் செடிகளை நட்டு, அன்று மாலையே 12 மீன்களையும் விட்டேன். ஐந்தாம் நாள் தண்ணீர் பால்போல் வெளுத்தது. பத்து நாட்களுக்குள் 9 மீன்கள் இறந்துவிட்டன. கடைக்காரர் சொன்னபடி முழுத் தண்ணீரையும் இரண்டு முறை மாற்றி, ஃபில்டரையும் குழாயடியில் நன்றாகக் கழுவினேன். எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் சொல்வதிலிருந்து பார்த்தால், மீன்கள் நோயால் இறக்கவில்லை, அவை வெளியிட்ட கழிவே அவற்றைக் கொன்றிருக்கிறது. மீனின் செவுளிலிருந்தும், எஞ்சி அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆற்றிலும் குளத்திலும் அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது மிகுதியாகச் சேர்ந்தாலன்றிப் பெரிய கெடுதல் செய்யாது, செடிகளுக்கு அதுவே உரம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உங்கள் மீன்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. 50 லிட்டர் அளவே கொள்ளும் தொட்டிக்கு 12 என்பதும் தொடக்கத்தில் மிக அதிகம்.

அடுத்து நடந்தது இதைவிட வருத்தமானது. அந்தப் பஞ்சில் தலையெடுக்கத் தொடங்கியிருந்த கொஞ்ச நஞ்ச பாக்டீரியாவையும் குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அழித்திருக்கும். பால்போன்ற வெண்மை தானே தெளிந்துவிடக்கூடியது. அதைக் கண்டு முழுத் தண்ணீரையும் கொட்டத் தேவையில்லை. தஞ்சாவூரில் நான் வைத்த முதல் தொட்டியிலும் இதே தவறைச் செய்து, காலையில் எழுந்ததும் தொட்டிப் பக்கம் பார்க்கவே மனம் வராமல் இருந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. ஆகவே மீதமுள்ள மூன்று மீன்களையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று கருதி இதை விரிவாகவே எழுதுகிறேன்.

இப்போதைக்கு மீனுக்குத் தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகைக்கும் குறைவாகப் போடுங்கள். நாள்தோறும் நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, முந்தைய நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். 24 மணி நேரம் காற்றுப்படத் திறந்திருந்தால் சாதாரணமாகக் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் பயன்படுத்தலாம். நன்றாக நடந்துகொண்டிருக்கும் தொட்டி உங்கள் நண்பர் வீட்டில் இருந்தால், அதன் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். நான் அறிந்தவரை இதைவிட நல்ல மருந்து இல்லை. இனி ஃபில்டரைக் கழுவ நேரும்போதெல்லாம், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை அலசிப் பிழியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனைக் கருவியில் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு, வாரத்துக்கு இரண்டு மூன்று மீன்களாகச் சேர்க்கலாம். செடிகளும் அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சுகின்றன என்பதால், தொட்டியைத் தொடங்கும்போது விரைந்து வளரும் செடிகளை நெருக்கமாக நடுவது மீன்களுக்கு நல்ல பாதுகாப்பாகும்.

கேள்வி (திருவையாறு வாசகி): கடையில் விற்கும் மண்ணும் செடியும் விலை அதிகமாக இருக்கின்றன. வீட்டருகே வாய்க்காலில் இருக்கும் செடிகளையும், ஆற்று மணலையும், வண்டல் மண்ணையும் வைத்தே தொட்டி அமைக்க முடியுமா?

பதில்: முடியும். நம் வாய்க்கால்களிலும் வயல்களிலும் இருப்பவற்றில் பல, மீன் தொட்டிக்காரர்கள் உலகெங்கும் விரும்பி வளர்க்கும் செடிகளோ அவற்றின் நெருங்கிய உறவுகளோ என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. கொத்துக்கொத்தாகக் கிடக்கும் ஹைட்ரில்லா, பச்சை நாடாபோல் நீளும் வாலிஸ்நேரியா ஆகிய இரண்டும் தொட்டியின் பின்பக்கத்துக்கு ஏற்றவை. வரப்போரம் படரும் நீர்ப்பிரம்மியைக் கிள்ளி நட்டால் நீருக்குள் நிமிர்ந்து வளரும். ஆரைக்கீரை நீருக்குள் மூழ்கி வளரும்போது நான்கு இலை விரிக்காமல் பெரும்பாலும் ஒற்றை இலையாகத் தரையோடு பரவுவதை நீங்களே பார்க்கலாம். குளம் வற்றினால் கிழங்காக உறங்கி, புதுத் தண்ணீர் வந்ததும் துளிர்க்கும் கொட்டிக்கும் தொட்டியில் இடமுண்டு. அது சில மாதங்களில் இலையுதிர்த்து ஓய்வெடுத்தால் செத்துவிட்டது என்று கருதிக் கிழங்கைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வெளியில் வளர்ந்த நீர்ப்பிரம்மியும் ஆரையும் நீருக்குள் போன முதல் இரண்டு வாரங்களில் பழைய இலைகளை இழக்கும். நுனியில் புதிய இலை வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆனால் குறுவைக்கோ சம்பாவுக்கோ மருந்தடித்த வயலின் வடிகாலிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பூச்சிமருந்தின் மிகச் சிறிய எச்சமும் மீனைவிட முன்னதாக இறாலைக் கொல்லும். வேறிடத்திலிருந்து எடுத்த செடிகளையும் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றுங்கள். அட்டை, தட்டான் பூச்சியின் இளம்புழு, நத்தை முட்டை ஆகியவை அந்த நாட்களில் கண்ணில் பட்டுவிடும். தட்டான் புழு சிறு மீன்களைப் பிடித்துத் தின்னக்கூடியது என்பதால் இந்தப் பொறுமை வீண்போகாது.

மணலைப் பொறுத்தவரை, ஒரு பிடியைக் கிண்ணத்தில் இட்டு வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் அதில் கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்பு கலந்திருக்கிறது; அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். திருவையாற்றுப் பக்கத்து ஆற்று மணலில் இந்தச் சிக்கல் பொதுவாக வராது. கடலோர ஊர்களில் வரும். வீடு கட்டி மீந்த மணல் இரண்டு வாளி இருந்தாலே ஒரு தொட்டிக்குப் போதும். கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

வண்டல் மண்ணில்தான் எனக்குத் தயக்கம். நம் வண்டலில் களி அதிகம். ஈரத்தில் இறுகி, காற்றுப் புகாமல் அடியில் அழுகி, முட்டை அழுகிய நாற்றத்தோடு வாயு வரும். மூன்றில் ஒரு பங்கு வண்டலோடு இரண்டு பங்கு மணலைக் கலந்து, ஒரு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அதற்கு மேல் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் வெறும் மணலை மூடுங்கள். அடியுரமோ சாணமோ கலந்த தோட்ட மண் கூடவே கூடாது.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். கண்ணாடியில் வெள்ளைப் படிவு நிற்கிறது. புதிய இலைகள் மஞ்சளாக வருகின்றன, பழைய இலைகளில் ஊசித் துளைகள் விழுகின்றன.

பதில்: வெள்ளைப் படிவு கடின நீரின் அடையாளம். இத்தகைய தண்ணீரில் பிஎச் உயர்ந்திருந்தால், இரும்புச்சத்து இருந்தும் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். புது இலை வெளுப்பது அதனால்தான். பழைய இலையில் துளை விழுவது பெரும்பாலும் பொட்டாசியக் குறைவு. இரண்டுக்கும் மீன் தொட்டிக்கென்றே விற்கும் நீர்ம உரம் உண்டு. பாட்டிலில் சொன்னதில் பாதி அளவில் தொடங்குங்கள். வயலுக்குப் போடும் யூரியாவைத் தொட்டியில் இடாதீர்கள். அது அம்மோனியாவாகவே மாறும்.

பிஎச் 7லிருந்து 8க்கு ஏறினால் அம்மோனியாவின் நஞ்சான வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகிறது. ஆகவே கடின நீர்த் தொட்டியில் தீனி மிகுவது மற்றவர்களைவிட உங்களுக்கு ஆபத்தானது. தண்ணீரோடு போராடுவதைவிட அதற்கேற்ற உயிர்களைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் கடின நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கரிமத்தை எடுத்துக்கொள்ளக்கூடியவை. கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய மீன்களும் அந்தத் தண்ணீரில் செழிக்கும். ஆவியாகிக் குறையும் அளவை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள், போர் தண்ணீரையே மீண்டும் மீண்டும் ஊற்றினால் நீர் போய் உப்பு மட்டும் தொட்டியில் தங்கிக்கொண்டே வரும்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): கோடையில் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி வரை போகிறது, மின்சாரமும் நின்றுவிடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன.

பதில்: தண்ணீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின்மேல் காற்று படும்படி ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பி வைத்தால், ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அது இல்லாத நேரத்தில், ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றுவதும் உதவும். ஐஸ் கட்டிகளைக் கொட்டாதீர்கள். திடீர்க் குளிர்ச்சி சூட்டைவிடக் கெடுதல். கோடை முடியும்வரை தீனியைப் பாதியாக்குங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகர்): விளக்கு எத்தனை மணி நேரம் எரியலாம்? கண்ணாடி முழுவதும் பச்சைப் பாசி.

பதில்: ஏழு மணி நேரம் போதும், டைமர் பொருத்துங்கள். சன்னல் வெயில் படும் இடத்திலிருந்து தொட்டியை நகர்த்துங்கள்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): வேலை மாற்றலால் ஊரைவிட்டுப் போகிறேன். மீன்களையும் செடிகளையும் அரசலாற்றில் விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால், நீங்கள் கும்பகோணத்தில் போடும் ஒரு தண்டு எத்தனையோ கிளை வாய்க்கால்களில் புகுந்து, காரைக்கால் கடற்கரை வரை போகும். நம் வாய்க்கால்களை அடைத்து, கடைமடைக்குத் தண்ணீர் போகவிடாமல் செய்யும் வெங்காயத்தாமரை, தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடிதான். பாசி தின்னும் என்று தொட்டிகளுக்காக விற்கப்படும் சக்கர் மீனும் அதே கண்டத்திலிருந்து வந்து, இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது.

மீன்களைத் தொட்டியோடு ஒரு பள்ளிக்கோ, வளர்ப்பதில் ஆர்வமுள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுங்கள். மீன் கடைகளிலும் திரும்ப எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. கொடுக்க ஆளில்லாத செடிகளை மொட்டை மாடியில் சருகாகும்வரை வெயிலில் காயவைத்து, எருக்குழியில் போடுங்கள். தொட்டி கழுவிய தண்ணீரையும் வாய்க்காலில் கொட்டாமல் வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள். அதில் நைட்ரேட் இருக்கும், மரம் நன்றாக எடுத்துக்கொள்ளும்.