ராபர்ட் புரூஸ் ஃபூட் மெட்ராஸில் குடியிருந்த வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் மெட்ராஸில் எந்த வீட்டில் குடியிருந்தார், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டவர் பல்லாவரம் பக்கம் இருப்பவர் என்று நினைக்கிறேன். கைக்கோடரி கிடைத்த ஊரிலேயே ஃபூட் குடியிருந்திருப்பார் என்ற எண்ணம் கேள்வியிலேயே தெரிகிறது. 1863 மே 30 அன்று குவார்ட்சைட் என்ற கடினப் பாறையில் செய்த அந்தக் கைக்கோடரியை ஃபூட் எடுத்தது ராணுவ மைதானத்தில், சரளை தோண்டிய ஒரு குழியில். அதை வைத்து வீடும் அங்கேதான் என்று முடிவு கட்ட முடியாது.

"அவர் நிலவியலாளர்தானே, தொல்லியலாளர் என்று எப்படிச் சொல்லலாம்" என்று யாராவது வருவார்கள். சம்பளம் வாங்கியது அரசின் நிலவியல் துறையான ஜியாலஜிகல் சர்வேயில்தான், 1858 கடைசியிலிருந்து. ஆனால் பல்லாவரத்துக் கல்லையும், 1863 செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் கண்டவற்றையும் 1866-இல் எழுதி அச்சேற்றியவர் அவர். இந்தியாவின் கற்கால ஆய்வு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வேலைக்கு வருவோம். முதலில், 'வீடு' என்று ஒன்றைத் தேடாதீர்கள், 'எந்த ஆண்டு வீடு' என்று தேடுங்கள். அன்றைய சர்வேக்காரர்கள் மழை ஓய்ந்ததும் கூடாரத்தோடு வெளியூர் போவார்கள். வெயில் ஏறியதும் ஊர் திரும்பி வரைபடமும் அறிக்கையும் எழுதுவார்கள். இப்படி வாழ்பவர்கள் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆண்டு சொல்லாமல் "இதுதான் அவர் பங்களா" என்று படம் போடுபவர்களை நம்பாதீர்கள். இடிந்த மாடி, ஆலமரம், ஒரு வெள்ளைக்காரப் பெயர் கிடைத்தால் போதும், பகிர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

பலரும் வில்லங்கச் சான்றில் தொடங்கித் தோற்கிறார்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கையால் எழுதிய அட்டவணையில் தேட வேண்டும். அப்படித் தேடினாலும் வாடகைக்கு இருந்தவர் பெயர் வராது, சொத்தை வாங்கி விற்றவர் பெயர்தான் வரும்.

தொடங்க வேண்டிய இடம் ஆண்டுதோறும் வெளிவந்த மெட்ராஸ் பஞ்சாங்க டைரக்டரிகள் (நாட்காட்டியோடு குடியிருப்போர், அலுவலர் பெயர்ப் பட்டியலும் அச்சிட்ட புத்தகங்கள்), குறிப்பாக அசைலம் அச்சகத்தின் அல்மனாக். கன்னிமாரா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள். குடியிருப்போர் பட்டியல் குடும்பப் பெயர் வரிசையில் இருக்கும். ஃபூட் என்று எஃப்-இல் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். புரூஸ் ஃபூட் என்று பி-யிலும் பாருங்கள், கடைசி எழுத்து விடுபட்டும் அச்சாகியிருக்கலாம். பிறகு துறைவாரிப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வரும் புத்தகத்தில் இருப்பது முந்தைய ஆண்டுக் கடைசி நிலவரம், எனவே ஒரு ஆண்டு முன்பின் தள்ளிக் கணக்கிட வேண்டும்.

மாமனார் பெயரிலும் தேடுங்கள். ஃபூட் மணந்தது பீட்டர் பெர்சிவலின் மகளை. தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், 'தினவர்த்தமானி' நடத்தியவர், மாநிலக் கல்லூரிப் பேராசிரியர், அதே பெர்சிவல்தான். தேவாலய ஞானஸ்நானப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் மெட்ராஸ் வரிசையில் உள்ளன. குழந்தைகளின் பதிவில் தகப்பனார் தொழிலும் இருப்பிடமும் குறித்திருக்கும். சில நேரம் 'மெட்ராஸ்' என்று மட்டும் இருக்கும்.

டைரக்டரியில் பெரும்பாலும் கதவு எண் கிடைக்காது, பங்களாவின் பெயர்தான் கிடைக்கும். நுங்கம்பாக்கம், எழும்பூர் தோட்ட பங்களாக்கள் பெயரால்தான் அறியப்பட்டன. அந்தப் பெயரைப் பிடித்து உரிமையாளரைக் கண்டுபிடித்து, மூலப்பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைப் படியுங்கள். அதில் பழைய சர்வே எண் இருந்தால் ஆர்.எஸ். எண்ணுக்கும் (மறு அளவையில் கொடுத்த எண்), அங்கிருந்து டவுன் சர்வே பதிவேட்டுக்கும் வரலாம். பழைய எண், புதிய எண் என்று வாசலில் எழுதியிருப்பதை இதில் சேர்க்காதீர்கள், அது பிற்காலத்து மாநகராட்சி எண். ஒரே தோட்டம் பத்துப் பதினைந்து மனைகளாக உடைந்திருக்கும். கிடைப்பது காம்பவுண்டின் எல்லைதான், கட்டிடம் நின்ற இடம் என்று சொல்லப் பழைய வரைபடம் வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பழைய டைரக்டரிகளை மறுபைண்டிங் செய்யும்போது ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். வெட்டுப்படுவது வரிக்கடைசியில் இருக்கும் பங்களாவின் பெயர். விளம்பரப் பக்கங்களைக் குப்பை என்று கிழித்தும் எறிகிறார்கள். ஜெராக்ஸ் எடுக்கப் புத்தகத்தின் முதுகை அழுத்தினால் மீதியும் உதிர்கிறது. கேமராவால் எடுக்க அனுமதி கேளுங்கள்.

அவர் சேர்த்த கற்கருவிகளை 1904-இல் மெட்ராஸ் அருங்காட்சியகம் வாங்கியது. பட்டியல் 1914-லும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916-லும், அவர் இறந்த பின் வெளிவந்தன. வீட்டைத் தேடுமுன் பாந்தியன் சாலையில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தக் கற்களைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.