குஞ்சு வாயில் மஞ்சள் கட்டி: மாடப்புறாவை மட்டும் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மொட்டைமாடியில் 14 ஜோடி ஹோமர், கர்ணப் புறா வளர்க்கிறேன். பத்துப் பதினைந்து நாள் குஞ்சுகளுக்கு வாய்க்குள் மஞ்சளாகக் கட்டி வந்து, இரை இறங்காமல் சாகின்றன. இந்த மாதம் மட்டும் ஆறு. கடையில் கொடுத்த டெட்ராசைக்ளின் பொடி கேட்கவில்லை. தெருவில் திரியும் மாடப்புறாக்கள் தினமும் வந்து தண்ணீர் குடிக்கின்றன. அவற்றை எப்படி விரட்டுவது? வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள் ஐயா.

பதில்: வலை கட்டுங்கள், இரை வெளியே சிந்தாமல் போடுங்கள். விரட்ட அது போதும். ஆனால் நாளை முதல் ஒரு மாடப்புறாகூட வராவிட்டாலும் உங்கள் குஞ்சுகள் சாகும்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் கேங்கர் என்ற நோய். டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வருவது. தெருப்புறாக்களிடம் இது சர்வ சாதாரணம். உங்களிடம் உள்ள வளர்ந்த புறாவும் தொண்டையில் இதை வைத்துக்கொண்டே நன்றாகப் பறக்கும், முட்டையிடும். இரைப்பையில் சுரக்கும் கூழான புறாப்பாலை ஊட்டும்போது குஞ்சுக்குக் கொடுத்துவிடும். ஆகவே நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எந்த ஜோடியின் குஞ்சுகள் திரும்பத் திரும்பச் சாகின்றன என்பதுதான். இன்றே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்.

டெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்து, இந்த ஒட்டுண்ணியிடம் அதற்கு வேலையே இல்லை. வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் பொடி விற்பவர் உங்கள் குஞ்சைப் பற்றிக் கவலைப்படவில்லை. புறாவுக்கு வரும் அம்மை நோயிலும் வாயில் இப்படிக் கட்டி வரும். அதனால் உயிரோடு உள்ள குஞ்சையே ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். தொண்டைச் சளியைச் சூடு ஆறுவதற்குள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி துள்ளுவது தெரியும். செத்து ஆறிய குஞ்சில் அது கிடைப்பது கடினம். உறுதியானால் மெட்ரோனிடசோல் மாதிரி மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் எழுதித் தருவார்கள். நோய் தெரியாத பெரிய புறாக்களையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். கசப்பு மருந்து, தண்ணீரில் கலந்தால் சரியாகக் குடிக்காது. கட்டியைப் பிய்க்காதீர்கள், ரத்தம் கொட்டும். மருந்து கொடுத்த புறாவைக் கறிக்கு விற்கவும் கூடாது.

அப்புறம் தண்ணீர். மருந்தைவிட இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். பலர் பாசி பிடித்த தொட்டியில் மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் கிருமிக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் செத்துவிடும். இரண்டு செட் கிண்ணம் வையுங்கள். ஒன்று கூண்டுக்குள் இருக்கும்போது மற்றது தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்ந்து காயட்டும். தினமும் மாற்றுங்கள். மாடியில் திறந்த தொட்டியே வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கேங்கர் தொற்றாது. ஆனால் காய்ந்த எச்சத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் மாடிக்கு வர வேண்டாம்.