சனிக்கிழமைக் கூலிக் கணக்கும் 48 கோர் சர்வரும்

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனிக்கு இரண்டு புராசஸர் கொண்ட சர்வர் வாங்க, இரண்டு தயாரிப்பாளர்களின் கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்றில் மொத்தம் 32 கோர் (புராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), மற்றதில் 48. இரண்டாவதன் ‘ஸ்பெக் ரேட்’ எண் மிக அதிகம் என்று டீலர் அழுத்திச் சொல்கிறார். சனிக்கிழமை கூலிக் கணக்கு முடிய இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. 48 கோர் வாங்கினால் சீக்கிரம் முடியுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கிணற்றுக்குப் பம்ப் வாங்கப் போகும் நம் விவசாயி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவதில்லை. எத்தனை அடி ஹெட்டில், அதாவது எவ்வளவு உயரத்துக்கு ஏற்றும்போது, அத்தனை லிட்டர் என்றும் கேட்பார். சர்வரின் எண்ணையும் அப்படித்தான் கேட்க வேண்டும்: எந்த வேலையைக் கொடுத்து எடுத்த எண் இது?

ஸ்பெக் என்பது கணினிகளின் வேகத்தை அளக்கும் சோதனைகளை வகுக்க 1988இல் தொடங்கப்பட்ட அமைப்பு. அதன் 2017 சோதனைத் தொகுப்பில் ‘ரேட்’, ‘ஸ்பீட்’ என்று இரண்டு வகை உண்டு. ரேட் சோதனையில் ஒரே நிரலின் பல பிரதிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, மொத்தமாக எவ்வளவு வேலை முடிந்தது என்று அளக்கிறார்கள். ஒரு பிரதி மற்றதற்காகக் காத்திருக்காது. ஆகவே கோர் கூடக் கூட எண்ணும் ஏறும். ஸ்பீட், ஒரு வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதை அளக்கிறது. உங்கள் கூலிக் கணக்கு ஒரே வேலை. டீலர் காட்டுவதோ ரேட்.

உங்கள் கம்பெனியையே பாருங்கள். பவர் டேபிளில் நாற்பது டெய்லர்கள் தயாராக உட்கார்ந்திருந்தாலும், கட்டிங் மாஸ்டர் வெட்டிக் கொடுத்தால்தான் தைக்க முடியும். வெட்டும் மேசை ஒன்றே இருக்கும்போது இன்னும் இருபது டெய்லர்களைச் சேர்த்து என்ன பயன்? கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் சொன்ன விதி இதைத்தான் கணக்காகக் காட்டுகிறது. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்றால், 16 கோரில் அது 6.4 மடங்கு வேகம்தான் பெறும். 32 கோரில் 7.8 மடங்கு. எத்தனை கோர் வைத்தாலும் பத்து மடங்கைத் தொடாது.

இதை நான் சூலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் நேரிலேயே பார்த்தேன். என் பேச்சை நம்பி இரண்டாவது புராசஸர் வாங்கிப் போட்டார்கள். முதல் சனிக்கிழமை கணக்கர் மேசைக் கடிகாரத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்பு 50 நிமிடம், அன்று 49. அந்தச் சம்பள நிரல் ஒரே கோரில் மட்டுமே ஓடும்படி எழுதப்பட்டிருந்தது. கூலிக்காக வெளியே வரிசையில் நின்றவர்களைத் தாண்டித்தான் நான் வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதனால் சொல்கிறேன்: போன வாரக் கூலி விவரங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, இரண்டு டீலர்களிடமும் சோதனைக்கு ஒரு சர்வர் கேளுங்கள். ஓட்டி நேரம் குறியுங்கள். இரண்டாம் முறை ஓட்டினால் விவரங்கள் மெமரியிலேயே இருப்பதால் வேகமாகத் தெரியும். முதல் ஓட்டத்தின் நேரத்தையும் விடாமல் எழுதி வையுங்கள். மெமரியையும் கவனியுங்கள். ஸ்பெக் வெளியிடும் ஒவ்வொரு முடிவிலும் எத்தனை மெமரி அட்டைகள் போட்டுச் சோதித்தார்கள் என்ற விவரம் இருக்கும். அங்கே புராசஸரையும் மெமரியையும் இணைக்கும் எல்லா வழியிலும் (சேனல்) அட்டை போட்டிருந்து, உங்கள் கொட்டேஷனில் புராசஸருக்கு இரண்டு மட்டும் இருந்தால் அந்த வேகம் உங்களுக்குக் கிடைக்காது. டேட்டாபேஸ் மென்பொருளுக்குக் கோர் கணக்கில் உரிமக் கட்டணமா என்பதையும் கேளுங்கள். அப்படியானால் 48 கோரின் செலவு சர்வர் விலையோடு நிற்காது.

பகலில் பலர் ஒரே நேரத்தில் ஆர்டரும் பில்லும் போடும் வேலைக்கு டி.பி.சி. என்ற இன்னொரு சோதனை அமைப்பின் ‘சி’ சோதனை நெருக்கமானது. 1992இல் வந்த அந்தச் சோதனை, பல கிடங்குகள் வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரியின் ஆர்டர் பதிவைப் போலவே அமைந்தது. நிமிடத்துக்கு எத்தனை புதிய ஆர்டர் என்று அளந்து, ஒவ்வோர் ஆர்டர் அளவுக்கும் என்ன விலை ஆகிறது என்பதையும் சொல்கிறது. தணிக்கையாளர் பார்த்த பிறகே முடிவு வெளிவரும். டிஸ்க் உட்பட ஒவ்வொரு பொருளின் விலையும் அறிக்கையில் இருக்கும். விலையை மறைக்காத இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் இரண்டு சர்வர்களுக்கும் அப்படி அறிக்கை இருந்தால் டீலரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஸ்பெக் முடிவில் ‘பேஸ்’, ‘பீக்’ என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பேஸ். அதில் ஒரே மொழியில் எழுதிய எல்லா நிரல்களுக்கும் கம்பைலரின் (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருளின்) அமைப்புகள் ஒன்றாகவே இருக்க வேண்டும். பீக்கில் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். பேஸிலும் ஒரு எச்சரிக்கை: இன்டெல் கம்பைலர் ஒரு குறிப்பிட்ட சோதனை நிரலுக்கென்றே தனி வேகம் கொடுத்தது என்று 2024இல் ஸ்பெக் கண்டு, 2,600க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. நீங்கள் பார்க்கும் முடிவின் மேல் அப்படி ஒரு குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.